மூன்று வருஷக் கணக்கு

சின்ன ஊரில் கடை வைப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பட்டணத்துக் கடைக்காரருக்கு வாடிக்கைக்காரர் வேறு, அண்டை வீட்டுக்காரர் வேறு. சின்ன ஊரில் இருவரும் ஒருவரே. காலையில் பாக்கி வைத்துவிட்டுப் போனவர் மாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பக்கத்து ஆசனத்தில் வந்து உட்காருவார். பாக்கியைக் கேட்டால் சிநேகம் போய்விடும்; கேட்காவிட்டால் கடை போய்விடும். உலகம் முழுவதும் சிற்றூர் வியாபாரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான் என்பதை நான் அயோவா மாநிலத்தில் ஐந்து மாதம் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அயோவாவுக்கு நான் போனதற்குக் காரணம் என் மகள். அவள் டாக்டர். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்காக ஒருவகை விசாவில் அமெரிக்கா போகும் டாக்டர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால், டாக்டர் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருஷம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அந்த விதியிலிருந்து விலக்குப் பெறலாம் என்று 1994-ல் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்த செனட்டரின் பெயரால் அதைக் கான்ராட் திட்டம் என்கிறார்கள். இப்போது ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு 30 டாக்டர்களை இந்த வழியில் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில் ஒருத்தி என் மகள். அவளைப் பார்க்க ஆகஸ்டில் போனேன். பனி கொட்டும் ஜனவரியில் திரும்பினேன்.

ஊரின் பெயர் வேண்டாம். எல்லையில் நிற்கும் பச்சைப் பலகையில் ஊர்ப் பெயரும் கீழே ஜனத்தொகையும் எழுதியிருக்கும்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். இறப்பும் பிறப்பும் தெரிந்த ஊரில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், "இதில் இன்று எத்தனை பேர் குறைந்தார்களோ?" என்று தோன்றும். பலகையைத் தாண்டினால் கால் உயர்த்தி நிற்கும் தண்ணீர்த் தொட்டி, ரயில் பாதை, பாதை ஓரத்தில் கோபுரம்போல எழுந்த தானிய எலிவேட்டர். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான்.

இந்த ஊர்கள் தாமாக முளைத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்வே கம்பெனிகள் சமவெளியில் பாதை போட்டுக்கொண்டே போகையில், சில மைலுக்கு ஒன்றாகப் பல ஊர்களைக் காகிதத்தில் கோடு கிழித்து உண்டாக்கி, மனை மனையாக விற்றன. விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வந்து, விற்று, சாமான் வாங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரம்தான் கணக்கு. குதிரையின் காலை வைத்து அளந்த ஊர்கள் என்று சொல்லலாம். குதிரை போய்க் கார் வந்தவுடனே அந்தக் கணக்குத் தப்பிப்போயிற்று. ஊர்கள் மட்டும் போட்ட இடத்திலேயே நின்றன.

மெயின் தெருவில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடங்கள். நெற்றியில் கட்டிய வருஷம் பொறித்திருக்கும். பாதிக்கு மேல் கண்ணாடியில் காகிதம் ஒட்டிக் காலியாகக் கிடந்தன. மிச்சமிருந்தவற்றில் ஒன்று ஹார்டுவேர் கடை. மூன்று தலைமுறைக் கடை. இப்போதைய சொந்தக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். அந்தக் கடையில் ஆணியை எண்ணியும் வாங்கலாம், எடை போட்டும் வாங்கலாம். ஆனால் அரைமணி நேரத்துக்குக் குறைந்து வாங்க முடியாது. எதற்கு ஆணி, எந்தச் சுவர், அந்த வீட்டை யார் கட்டினார், அந்தச் சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "அந்த இடத்தில் அடிக்காதீர்கள், 1978-ல் நான்தான் அங்கே குழாய் போட்டேன்" என்று என்னைத் தடுத்தார். நான் மூன்று ஆணிக்குப் போனவன். ஒரு வீட்டின் ஜாதகத்தையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் ஊர்த் தீயணைப்புப் படையிலும் இருந்தார். அங்கே சம்பளப் படை கிடையாது. ஊர்க்காரர்களே தொண்டாக வருகிறார்கள். ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது சங்கு ஊதியது. மனிதர் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். கல்லா திறந்தபடி கிடந்தது. பின்னால் வந்த இரண்டு பேர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, விலையைக் காகிதத்தில் எழுதி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். விவசாயிகளுக்கு அவரிடம் பற்று உண்டு. இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்து, சோளம் விற்ற பணம் கைக்கு வந்ததும் தீர்ப்பார்கள்.

இதைக் கேட்டதும் அது சத்திய யுகத்து ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஊரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. பெரிய கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று குளிர்பெட்டியை வெளியூரில் வாங்கினால், இறக்க வரும் லாரி வாசலில் நிற்பதை ஊரே பார்க்கும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேளாமல் இருப்பதுதான் அவர்கள் கேட்கும் முறை. பிடிக்காததைப் பார்த்தால், "இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறதே" என்பார்கள். நான் முதலில் அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன். மகள்தான் அர்த்தம் சொன்னாள்.

அவள் பாடு இன்னும் சிரமம். மளிகைக் கடையில் பால் எடுக்கக் குனிந்தால், பின்னால் நிற்பவர் கால்சட்டையை உயர்த்தி முழங்காலைக் காட்டுவார். "இது வீக்கம்தானே, டாக்டர்?" சின்ன ஊரில் டாக்டருக்கும் கடையை அடைக்கும் நேரம் கிடையாது.

இந்த வாழ்க்கையை நாவலாக எழுதியவர் சின்க்ளேர் லூயிஸ். மின்னஸோட்டாவில் சாக் சென்டர் என்ற ஊரில் 1885-ல் பிறந்தவர். தகப்பனார் ஊர் டாக்டர். 1920-ல் வெளிவந்த அவருடைய 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலில் அந்த ஊரை வேறு பெயரில் வைத்து, அதன் தற்பெருமையையும் வம்பையும் கிழித்துக் காட்டினார். ஊரார் மனம் நொந்தது. 1930-ல் அவர் நோபல் பரிசு பெற்றார். இலக்கியத்துக்காக அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அப்புறம் ஊர் என்ன செய்தது தெரியுமா? தன் தெருவுக்கு 'அசல் மெயின் தெரு' என்று பலகை மாட்டிக்கொண்டது. 1951-ல் ரோமாபுரியில் இறந்தவரின் சாம்பலும் அந்த ஊர் மண்ணுக்கே வந்து சேர்ந்தது. திட்டியவனையும் வியாபாரமாக்கிக்கொள்ளத் தெரிந்த ஊர்! ஆனால் லூயிஸ் ஏளனம் செய்த மெயின் தெரு, நிரம்பி வழிந்த மெயின் தெரு. கடைகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்திருந்தால் அவர் பேனா எப்படி ஓடியிருக்குமோ!

சிற்றூர்க் கடைக்குப் போட்டி புதிதல்ல. 1872-ல் சிகாகோவிலிருந்து மான்ட்கோமரி வார்டு என்பவர் தபால்மூலம் சாமான் விற்க ஆரம்பித்தார். பின்னால் சியர்ஸ் வந்தது. 1896-ல் கிராமத்து வீட்டு வாசலுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் முறையும், 1913-ல் பார்சல் தபாலும் வந்தபோது கடைக்காரர்கள் கதிகலங்கினார்கள். சில ஊர்களில் அந்த விலைப்பட்டியல் புஸ்தகங்களைக் குவித்து வைத்துக் கொளுத்தினார்கள். புஸ்தகங்கள் எரிந்தன, ஆர்டர்கள் நிற்கவில்லை.

பெரிய அடி 1980-களில் விழுந்தது. நிலத்தின் விலை ஏறும் என்று நம்பி விவசாயிகள் கடன் வாங்கியிருந்தார்கள். வட்டி ஏறியது; விளைச்சலுக்கு விலை இறங்கியது. 1981-ல் ஏக்கர் சராசரி 2,147 டாலர் விற்ற அயோவா நிலம், 1986-ல் 787 டாலருக்கு வந்துவிட்டது. நிலத்தை நம்பிக் கொடுத்த பாங்கிகளும் ஆட்டம் கண்டன. 1985 டிசம்பரில், ஹில்ஸ் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், கடனில் மூழ்கிய விவசாயி ஒருவர் தம் மனைவியையும், ஊர்ப் பாங்கித் தலைவரையும், அண்டை விவசாயி ஒருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். ஹார்டுவேர்க் கடைக்காரர் இதைச் சொன்னபோது ஆணிப் பெட்டியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். அதுதான் பயங்கரம்" என்றார். அந்த வருஷங்களில் அவருடைய பற்று நோட்டில் தீராமல் போன கணக்குகள் பல. ஒருவர் மீதும் அவர் கேஸ் போடவில்லை. "போட்டிருந்தால் இந்த ஊரில் நான் எப்படி இருப்பது?"

அதே காலத்தில்தான் வால்மார்ட் அயோவாவுக்குள் வந்தது. அயோவா ஸ்டேட் சர்வகலாசாலையில் கென்னத் ஸ்டோன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கணக்கெடுத்தார். 1983 முதல் 1993 வரை பத்து வருஷத்தில் அந்த மாநிலம் 555 மளிகைக் கடைகளையும், 298 ஹார்டுவேர்க் கடைகளையும் இழந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. விவசாயத்தின் வீழ்ச்சியும் நல்ல சாலைகளும் சேர்ந்தே செய்த வேலை அது. இரண்டு டாலர் மலிவு என்றால் இருபத்தைந்து மைல் காரில் போகிறவன் கெட்டவன் அல்ல. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

பிழைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 1968-ல் அயோவாவின் பூன் நகரில் ஆரம்பித்த கேஸிஸ் என்ற கடை வரிசை, பெரிய கம்பெனிகள் அலட்சியம் செய்த சின்ன ஊர்களையே தேடித் தேடிப் போயிற்று. பெட்ரோல், பால், பீட்ஸா மூன்றும் ஒரே கூரையின் கீழ். காலை ஆறு மணிக்கு ஊர்ப் பெரியவர்கள் கூடிக் காப்பி குடித்து வம்பளக்கும் சாவடியும் அதுதான்.

நெடுஞ்சாலை முனையில் இருந்த மோட்டலை ஒரு குஜராத்தித் தம்பதி நடத்தினார்கள். இதில் அதிசயம் இல்லை. அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட ஹோட்டல்களும் மோட்டல்களும் இந்திய வம்சாவளியினர் கையில் என்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் வீடு. அங்கிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வரும். "உங்கள் வியாபாரத்துக்கு எது சீஸன்?" என்று கேட்டேன். "வேட்டைக்காரர்கள் வரும் காலம், கல்யாணம், சாவு" என்றார். வெளியூர் போன பிள்ளைகள் பெற்றோரைப் புதைக்க வரும்போது இவரிடம்தான் தங்குகிறார்கள். "முதலில் வந்த பிள்ளைகள் வீட்டை விற்க இன்னொரு தடவை வருவார்கள். அப்புறம் வரமாட்டார்கள்" என்றார். ஊரின் ஆயுளைக் கணக்கிட அவருக்குப் பச்சைப் பலகை தேவையில்லை. வாடகைப் புஸ்தகம் போதும்.

டிசம்பரில், பனி வாரும் மண்வெட்டி வாங்கப் போனபோது ஹார்டுவேர்க் கடைக்காரர் என்னிடம் ஒன்று கேட்டார். அதற்குமுன் அவர் நேராக எதையும் கேட்டதே இல்லை. மண்வெட்டியின் கைப்பிடியைத் துடைத்தபடி, "டாக்டருக்கு மூன்று வருஷம் வருகிற கோடையோடு முடிகிறது, இல்லையா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"இதற்குமுன் இரண்டு பேர் வந்தார்கள். நல்லவர்கள். மூன்று வருஷம் முடிந்த வாரமே போய்விட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. என் பிள்ளைகளே இங்கே இல்லை. கடையை விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. டாக்டர் இருந்தால் கிழவர்கள் இருப்பார்கள். கிழவர்கள் இருந்தால் கடை இருக்கும். அவ்வளவுதான்."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? மகளைச் சீக்கிரம் பெரிய நகரத்துக்குப் போகும்படி தூண்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி; பேத்திக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது அவள் குறை. அந்தக் குறை நியாயமானது. கிழவருடைய கணக்கும் நியாயமானது. மண்வெட்டிக்கு அவர் சொன்ன விலை வெளியூர் விலையைவிட நான்கு டாலர் அதிகம் என்று எனக்குத் தெரியும். கொடுத்தேன். நான்கு டாலரால் ஓர் ஊரைக் காப்பாற்றிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் சில ஊர்கள் முயன்று பார்க்கின்றன. நெப்ராஸ்காவில் கோடி என்று ஓர் ஊர். சுமார் 150 பேர். அருகில் உள்ள பெரிய ஊர் 38 மைல் தூரம். மளிகைக் கடை இல்லாமல் தவித்த அந்த ஊரில், வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவரெழுப்பி 2013-ல் ஒரு கடை திறந்தார்கள். கடையை நடத்தப் பொறுப்பேற்றவர்கள் பள்ளிக்கூடத்து மாணவர்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, ஊருக்குப் பாலும் ரொட்டியும் ஆயிற்று. லாபத்துக்காக ஆரம்பித்த கடை அல்ல அது; போகாமல் இருப்பதற்காக ஆரம்பித்த கடை.

நான் ஊர் திரும்பிய பிறகு அந்தக் கோடையில் மகள் போன் செய்தாள். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். "ஏன்?" என்று அவள் அம்மா கேட்டதற்கு, "வீடு தேட அலுப்பாக இருக்கிறது" என்றாள். அந்த ஊரில் நெடுநாள் இருந்ததன் பலன், உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் இருக்க அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஹார்டுவேர்க் கடைக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம், அவருக்கு முன்னமே தெரிந்திருந்ததாம். ஒன்றும் பேசாமல், அவளுடைய வாசல் விளக்குக்கு ஒரு புது பல்பு போட்டுவிட்டுப் போனாராம். அதைப் பற்றில் எழுதிக்கொண்டாரா என்று மட்டும் நான் கேட்கவில்லை.