கேளாதொழிந்த கேள்வி

யாம் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், தவணைதோறும் கட்டணத்தைத் தம் கையாற் கொணர்ந்து செலுத்தியவர் எம் தந்தையார். அவர்க்கு இப்போது அகவை 76. இரவில் நாலைந்து முறை எழுந்து அவர் கோடிப்புறஞ் செல்லும் ஓசையைக் கேட்டும், முதுமையின் இயல்பென வாளாவிருந்தோம். கேட்க யாம் நாணினோம். சொல்ல அவரும் நாணினார்.

சென்ற வைகாசியில் இரத்தத்தைச் சோதித்தபோது, பி.எஸ்.ஏ. என்னும் புரதம் மில்லிலீற்றருக்கு 11 நனோகிராம் இருந்தது. நாலுக்கு மேற்படின் ஆராய்தல் வேண்டுமென்பது நெடுநாள் வழக்கு. முன்னிற்குஞ் சுரப்பியிற் புற்றோ என அஞ்சினோம். அச்சுரப்பி வயதினாற் பருத்தாலும் அழற்சியுற்றாலும் அளவு உயரக்கூடுமென்றும், ஊசியால் 12 துணுக்குகள் எடுத்து நோக்கினாலன்றித் துணிதல் அரிதென்றும் வைத்தியர் விளக்கினார்.

முதியோரிடத்து இந்நோய் பெரும்பாலும் மெல்ல வளர்வதென அறிந்தோம். ஆண் ஓமோனை அடக்கின் இது ஒடுங்குமென 1941இற் காட்டிய சாள்ஸ் ஹகின்ஸ், 1966இல் நோபெற் பரிசு பெற்றதையும் படித்தோம். படித்தும் துயில் வந்திலது.

துணுக்கெடுத்தபின்னும் நோயின் பெயரை அவர்முன் உச்சரித்திலேம். ஒரு மாலை அவரே திண்ணைக்கு அழைத்தார்.

“தம்பி, புற்றுநோயோ என்றுதானே பார்க்கிறார்கள்? அறிக்கையில் என்ன இருந்தாலும் முதலில் எனக்குத்தான் சொல்லவேணும்.”

தலை குனிந்து இசைந்தோம். அன்றிரவு எல்லோரும் உறங்கினோம்.

இதனை எழுதும்வரை முடிவு வந்திலது. வரும் உறை பிரிபடாமலே அவர் கையைச் சேரும். பழைய மாணவ அன்பர்களே, இல்லத்தில் முதிய தந்தையார் உளரேல், நாணாது இன்றே கேண்மின்.