அழாத பிள்ளை

போன மாதம் பதினோரு வயதுப் பையன் ஒருவனுடன் காவல் நிலையம் போயிருந்தோம். பள்ளியில் சேரிப் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவ விடுகிறார்கள். மாட்டேன் என்றால் அடி. இரண்டு வருடமாக இது நடக்கிறது. மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னப்பா, பையன் அழக்கூட இல்ல? சொல்லிக்கொடுத்துக் கூட்டியாந்த மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உடன் வந்த தோழர்தான் சண்டை போட்டார். ஆறாம் வகுப்பிலும் நான் இப்படித்தான் நின்றேன். என்னைப் பெயர் சொல்லாமல் சாதி சொல்லிக் கூப்பிட்ட வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே முதலில் வயிறு கலங்கும். சில மாதத்தில் அதுவும் நின்றுபோனது. பிரம்பு விழுந்தாலும் ஒன்றும் தோன்றாது. "எருமைத்தோல்" என்பார்.

ஆபத்து என்றதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது. அது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்கிறது. அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் கலந்து, உடம்பைச் சமாளிக்கத் தயார் செய்கிறது. 'போதும், நிறுத்து' என்று மூளைக்குத் திரும்பிப் போய்ச் சொல்வதும் அதே கார்டிசால்தான். தினமும் அடிபடும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு குலையலாம். சிலருக்கு எப்போதும் தூக்கலாகவே இருக்கிறது. சிலருக்கு எழ வேண்டிய நேரத்தில்கூட எழுவதில்லை.

ருமேனியாவின் புக்காரெஸ்டில் அநாதை விடுதிக் குழந்தைகள் 136 பேரை 2000ஆம் ஆண்டிலிருந்து ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயதுவாக்கில் நெருக்கடியான பரிசோதனை ஒன்றை வைத்தபோது, விடுதியிலேயே விடப்பட்ட பிள்ளைகளின் கார்டிசால் மந்தமாகத்தான் எழுந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களின் உடம்போ மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் போலவே எதிர்வினை காட்டியது. 'அவங்க பொறப்பே அப்படி' என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் பையனின் கார்டிசாலை யாரும் அளக்கவில்லை, என்னுடையதையும்தான். அழாததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அழாத முகம் பொய்க்குச் சாட்சியல்ல. அதை எடைபோடும் வேலையும் ரைட்டருக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18அ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. புகாருக்குப் போகும் தோழர்கள் அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று எங்களிடம் இல்லை.

வெளியே வந்து டீக்கடையில் பன் வாங்கிக் கொடுத்தோம். பாதி தின்றுவிட்டு, "அண்ணா, நான் அழுதிருக்கணுமா?" என்றான். வேண்டியதில்லை என்றேன். வரும் புதன்கிழமை மேலதிகாரியிடம் போகிறோம். குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரும் கூட வருகிறார்.