ஏலமலையில் ஓர் எண்ணம்

தமிழில் ஏலம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பாயசத்திலும் தேநீரிலும் மணக்கும் காய் ஒன்று. பலர் கூடி விலையை ஏற்றி ஏற்றிக் கேட்கும் விற்பனை மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும் இடத்தைக் காண விழைவோர், போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் போடிமெட்டைக் கடந்து, கேரளத்து இடுக்கி மாவட்டத்தினுள் புகவேண்டும். அப்பகுதிக்கு ஏலமலை என்றே பெயர். வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும், மலையடிவாரத்துப் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடங்கள் இயங்குகின்றன.

பழைய நாளையக் கூவலும் கூச்சலும் அங்கே இல்லை. மாதிரிக் காய்களைச் சிறு தட்டுகளில் இட்டு வணிகர் முன் வைக்கின்றனர். அவர்கள் காயின் நிறத்தையும் பருமனையும் நோக்கி, முகர்ந்து பார்த்து, தத்தம் விலையைக் கணிப்பொறியில் பதிகின்றனர். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ காய் ரூ. 7,000 வரை ஏறியது. முந்திய ஆண்டின் பெருவெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தமையே காரணம். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிவரும் தேனி மாவட்டத்துப் பெண்களே காய் பறிப்போரில் மிகப் பலர். அவர்தம் கூலி ஏலத்தில் இடப்படுவதன்று. ஆகவே அவ்வாறு ஏறுவதும் இல்லை.

இவ்விடத்தே நின்றபொழுது நம் நினைவுக்கு வந்தது வேறோர் ஏலம். 2023 செப்டம்பர் 16ஆம் நாள் புதுதில்லியில் சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் நடத்திய விற்பனையில், அமிர்தா சேர்கில் அம்மையார் 1937இல் தீட்டிய ‘கதை சொல்பவர்’ என்னும் ஓவியம் ரூ. 61.8 கோடிக்குப் போயிற்று. வாங்குவோர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமும் அத்தொகையுள் அடங்கும். இந்திய ஓவியம் எதுவும் அதற்குமுன் ஏலத்தில் அவ்விலை பெற்றதில்லை. 2025 மார்ச்சில் உசேனின் ‘கிராம யாத்திரை’ நியூயார்க்கில் அதனை விஞ்சியது.

மேலைநாட்டாரும் தம் பெண் ஓவியர்க்கு இவ்வாறே விலை வைக்கின்றனர். அமெரிக்கப் புதுமை ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜார்ஜியா ஓகீஃப் அம்மையார் 1932இல் வரைந்த வெள்ளை ஊமத்தைப் பூ, 2014 நவம்பரில் 444 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. நம் வீட்டு வேலியோரத்தில் கேட்பாரற்றுப் பூக்கும் ஊமத்தைக்கு உறவான பூத்தான் அது! விற்றது அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகமே. ஓகீஃப் தொண்ணூற்றெட்டு ஆண்டு வாழ்ந்தார். தம் புகழையும் தம் ஓவியத்தின் விலையையும் கண்ணாரக் கண்டார். அமிர்தாவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1941 டிசம்பரில் இலாகூரில் உயிர் நீத்தபொழுது அவருக்கு வயது இருபத்தெட்டே.

இவ்வம்மையார் நமக்கு அயலார் அல்லர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு அசந்தா, எல்லோராக் குகைகளைக் கண்டு, தெற்கே குமரிமுனை வரை வந்தவர். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களில் உள்ளம் பறிகொடுத்தார். பின்னர் அவர் தீட்டிய ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூரார்’ ஆகிய மூன்றும் இப்பயணத்தின் பயன். நாம் நாளும் கண்டு பொருட்படுத்தாத கறுத்த மேனியின் எழிலை அவர் பொருட்படுத்தினார். ஆனால் அந்நாளில் வாங்குவார் இல்லை. ஐதராபாத்தில் நவாபு சாலார் சங்கு ஓவியங்களை வாங்கி வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர் மன்னரோ இரவிவர்மாவின் ஓவியங்களே போதும் என்றார்.

அன்று திருப்பி அனுப்பப்பட்டவை இன்று கோடிகளாகும் காரணம் என்ன? அமிர்தாவின் மறைவுக்குப் பின் குடும்பத்தார் ஒரு பெருந்தொகுதியை அரசுக்கு அளித்தனர். 1954இல் தில்லியில் திறக்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்தின் கருவூலத்தில் அவை சேர்ந்தன. 1976இல் அவர் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டமையால், இந்தியாவில் உள்ளவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லல் ஆகாது. எஞ்சிய சிலவே ஏலத்திற்கு வருகின்றன. வரத்துக் குறைந்தால் விலை ஏறுவது காய்க்கும் ஓவியத்துக்கும் ஒன்றே.

மூணாற்றைக் கடந்து மறையூர் செல்வோர் சந்தனக் காட்டைக் காண்பர். அங்கே வனத்துறையினர் சந்தனக் கட்டைகளைத் தரம் பிரித்து ஏலமிடுகின்றனர். அக்காட்டுப் பாறைகளில் தொல்பழங்காலத்தார் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. மரத்திற்கு வேலியும் காவலும் உண்டு; பாறை ஓவியத்தைப் பெயர்த்து விற்க இயலாமையே அதற்குக் காவல் போலும்!

மறையூரிலிருந்து சின்னாறு வழியே இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி கடந்தால் பாலக்காடு. ஆனைமலை நீரையும் ஏற்று மேற்கே ஓடும் பாரதப்புழை பொன்னானியில் கடல் சேர்கிறது. அப்பொன்னானியை அடுத்த காடஞ்சேரியில் 1940இல் பிறந்தவர் டி. கே. பத்மினி. சென்னை ஓவியக் கல்லூரியில், கோவையில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்றவர். ஊர்ப்புறத்தையும் பெண்களையும் தமக்கே உரிய கோட்டில் வரைந்தார். பட்டம் விடும் சிறுமியை அவர் வரைந்த ஓவியம் கேரளத்தார் நன்கறிந்தது. 1969 மே மாதம், இருபத்தொன்பது நிரம்புமுன் மகப்பேற்றின்போது மறைந்தார். பொன்னானி அப்பொழுது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அடுத்த மாதமே மலப்புறம் மாவட்டம் பிறந்தது. பத்மினியின் ஓவியங்கள் பல கேரள இலலித கலா அகாதெமியின் பாதுகாப்பில் உள்ளன.

அமிர்தாவினும் பத்மினியே நம் நெஞ்சை மிகுதியும் வருத்துகிறார். அமிர்தாவைத் திருப்பி அனுப்பவாவது ஒரு நவாபு இருந்தார்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 53ஏ என்னும் பிரிவை நம் இல்லங்களில் அறிந்தவர் சிலரே. மூல ஓவியம் ஒன்று மீண்டும் கைமாறும்பொழுது விலை ரூ. 10,000க்கு மேற்படின், அதில் ஒரு பங்கு ஓவியர்க்கோ அவர்தம் வாரிசுகட்கோ உரியது. அப்பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது. பதிப்புரிமை உள்ளவரையே இவ்வுரிமையும் உண்டு. அஃதாவது ஓவியர் மறைந்தபின் அறுபது ஆண்டு. அமிர்தாவுக்கு அக்காலம் 2001ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆகவே 61.8 கோடியில் அவர் வழியினர் சட்டப்படி கேட்கத்தக்கது யாதுமில்லை. வெளியூரில் வாழும் நம்மவர் இல்லத்துச் சுவர்களில் சென்னை ஓவியர்களிடம் அந்நாளில் வாங்கிய படங்கள் இன்றும் தொங்குகின்றன. அவற்றை விற்க எண்ணுவோர், வரைந்தவர் வீட்டார் எங்கிருக்கின்றனர் என்று முதலில் விசாரித்தல் நலம். பத்மினியின் வாரிசுகளுக்கு இவ்வுரிமை 2029 டிசம்பர் 31 வரை உண்டு.