பவானி ஜமக்காளம் வாங்கப் போனோம்

அண்ணன் மகள் கல்யாணச் சீருக்கு ஜமக்காளம் வாங்க வேண்டியிருந்தது. அண்ணியும் நானும் திருச்செங்கோட்டில் பஸ் ஏறி, குமாரபாளையத்தில் இறங்கிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். அக்கரைதான் பவானி. கூடுதுறையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம்.

முதல் கடையில் பளபளவென்று ஒரு அடுக்கு. விலையும் பாதிதான். அண்ணி மயங்கிவிட்டாள்! கையில் தூக்கினால் காற்றாகக் கனக்கிறது. ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டினேன். உருகி உருண்டையாகிவிட்டது. பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்திருக்கும்.

பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம் கேட்டது. குழித்தறியில் ஒரு பெரியவர். "எங்க ஊர்ப் பேரைச் சொல்லி எதையெதையோ விக்கறாங்க அம்மிணி. எம்பட பசங்க ரெண்டு பேரும் தறியை விட்டுட்டு மில்லுக்குப் போயிட்டானுங்க" என்றார். ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 1985-லேயே சட்டம் வந்தாயிற்று. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் இந்த நிலைமை!

நல்லதை எப்படிப் பார்ப்பது என்று அவரே காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நூல் தடிப்பாக, நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். தலைப்பு நூலைக் கையால் முடிந்திருப்பார்கள். பட்டைக்குப் பட்டை நூலளவு வித்தியாசம் தெரிந்தால் அது குறையில்லை. கை நெய்ததற்கு அடையாளம். மொராக்கோ மலைகளில் பெர்பர் பெண்கள் நெய்கிற கம்பளி விரிப்புகளிலும் இப்படிக் கோணல்மாணல் உண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். நாம் என்னடாவென்றால் கோடு நேராக இல்லை என்று பேரம் பேசுகிறோம்!

சிவப்பும் பச்சையுமாகக் கெட்டிப் பருத்தியில் ஒன்று எடுத்தோம். பட்டு மாதிரி மினுக்கும் நூலில் பூ வேலை செய்த ரகமும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் பந்தியில் விரித்து நாலு பேர் உட்கார எனக்கென்னவோ பருத்திதான் பிடிக்கும். கடையில் வாங்குகிறவர்கள் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மடித்து வைக்கும்போது நடுவில் நாலு வசம்புத் துண்டு போதும்.