இரட்டைக் கார்புரேட்டரும் இரண்டு முழக் குழாயும்

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்தது எங்கள் பாராடாங் தீவு. நயாடேராவின் சுண்ணாம்புக் குகைகளைக் காண வருவோரை, நிலம்பூர்த் துறையிலிருந்து அலையாத்திக் கால்வாய் வழியே சிறு இயந்திரப் படகுகள் ஏற்றிச் செல்கின்றன. அவற்றை நம்பி அடுப்பெரியும் குடும்பங்களில் நம்மவரும் உளர். என் தொழில் படகு இயந்திரம் பழுது பார்ப்பது.

சென்ற ஆண்டு அண்டை வீட்டு அண்ணாச்சி ஒருவர், நெடுநாள் கிடப்பிலிருந்த தம் பழைய இரு உருளைப் பெட்ரோல் இயந்திரத்தைக் கொணர்ந்தார். புதியது வாங்க வைத்திருந்த பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சென்றுவிட்டது. அவ்வியந்திரத்துக்கு இரட்டைக் கார்புரேட்டர்.

பெட்ரோலை நுண்துளையால் தெளித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை 1893-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மைபாக் அமைத்தார். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் அது மறைந்தது. பழைய இயந்திரங்களிலோ இன்றும் வாழ்கிறது. உருளைக்கு ஒன்றாக வைப்பின் இரண்டுக்கும் கலவை சமமாகச் செல்லும். ஆனால், ஏரில் பூட்டிய இரு மாடுகளைப்போல அவை ஒரே நடையில் செல்ல வேண்டும். ஒன்றன் வால்வு முந்தித் திறந்தால் இயந்திரம் நடுங்கும்.

முதலில் மேனிஃபோல்டின் முகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தேன், சற்றே வளைந்திருந்தது. தேய்த்துச் சமப்படுத்திப் புதிய கேஸ்கெட் இட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினேன். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று புகும், கலவை மெலியும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்தோடும் இயந்திரத்தில் கலவை மெலிந்தால் வெப்பம் ஏறும், எண்ணெயும் குறையும், பிஸ்டன் இறுகிவிடும். காற்றுக் கசிவறியப் பெட்ரோலைத் தெளிப்பது தீயை அழைப்பதாகும். சோப்பு நீரே போதும்.

எஞ்சியது எரிபொருட் குழாய். பழைய ரப்பர் வெடித்து, இணைப்பில் ஈரம் கசிந்தது. அதற்கு ஈடாகத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயை அவர் நீட்டினார்.

"தம்பி, சொட்டுவது என்ன புதிதா? பத்தாண்டாகச் சொட்டுகிறது" என்றார்.

"அண்ணாச்சி, இதை மாட்டினால் நான் இயந்திரத்தைத் தரமாட்டேன்" என்றேன்.

அவர் முகம் வாடியது. சுற்றுலாப் பருவமோ தொடங்கியிருந்தது. ஆயினும் காரணம் சொன்னேன். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கும். ஒரு பொறி போதும். கால்வாயின் நடுவே பெண்டு பிள்ளைகளோடு தீப்பற்றினால் ஓட இடமேது? மேலும் 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. பழைய ரப்பரை அது உப்பச் செய்யும். ஈரம் மிகுந்தால் எத்தனால் நீரோடு பிரிந்து அடியில் தங்கும்.

இரு நாள் காத்திருந்து, பெட்ரோலுக்கென்றே செய்த குழாய் வாங்கி வந்தார். துருவேறா எஃகுப் பட்டைகளால் இறுக்கினேன்; சூடேறும் பாகமும் அசையும் கம்பியும் தொடாதவாறு கொண்டுசென்றேன். கைக்குமிழை அம்புக்குறி இயந்திரத்தை நோக்க வைத்து, அது கெட்டியாகும்வரை அழுத்திக் காத்திருந்தோம். குமிழ் தளரவில்லை, இணைப்புகளைத் துடைத்த வெள்ளைத் துணியிலும் ஈரமில்லை. பின்னரே இயக்கினோம், சீராக ஓடியது.

அன்பர்களே, சிக்கனம் நம் குடும்பங்களைக் கரையேற்றிய நற்பண்பு. ஆயின் அது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அறிதல் நலம். தொட்டியைக் கரையில் இறக்கி வைத்தே நிரப்புங்கள். பெட்ரோல் வாடை வீசினால், எத்தனை பேர் காத்திருப்பினும், இயந்திரத்தைத் தொடாதீர்கள்.