ஐம்பது மீட்டரில் ஒரு சிரட்டை

பழவங்காடிப் பிள்ளையார் பட்டாளத்துப் பிள்ளையார். கோயிலை இன்றைக்கும் நடத்துவது இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட்தான். திருவிதாங்கூரின் நாயர் படை பத்மநாபபுரத்தில் வைத்துக் கும்பிட்ட விக்கிரகம், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு சேர்ந்து இங்கே வந்தது என்பார்கள். சாலை பஜாருக்குச் சரக்கெடுக்க வருகிற நாகர்கோவில் வியாபாரி, பரீட்சை எழுதப் போகிற பெண், விசாவுக்கு அலைகிற பையன் என்று எல்லாரும் ஒரு விடலை போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். நாள் முழுக்க அங்கே தேங்காய் சிதறுகிறது. அதற்குக் குறிபார்க்க வேண்டியதில்லை, கையில் வேகம் இருந்தால் போதும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கோட்டைக்குள், வருஷத்துக்கு இரண்டு தடவை இன்னொரு காய்க்கு ராஜமரியாதை கிடைக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசித் திருவிழாவிலும் பங்குனித் திருவிழாவிலும் ஒன்பதாம் நாள் பள்ளிவேட்டை. மேளம் ஓய்ந்து, ஊர்வலம் சத்தமே இல்லாமல் வேட்டைக்களத்துக்கு வரும். அரச குடும்பத்தின் மூத்தவர் வில்லெடுத்து ஓர் இளநீரின் மீது அம்பு விடுவார். அப்புறம்தான் சங்கும் மேளமும். ஒரு குறிக்காக ஊரே வாயை மூடிக்கொண்டு நிற்கிற அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த இரண்டு காய்களுக்கும் நடுவே குடியிருக்கிற நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடப்போவது வெறும் சிரட்டையை. அதற்குப் பிள்ளையார் வந்த பாதையில் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது. கல்குளம் பக்கம் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு. தோப்பின் கடைசியில் ஆளுயரத்துக்கு மேலே செம்மண் மேடு. அதன் முன்னால் ஒரு கயிற்றில் சிரட்டை தொங்கும். இந்தப் பக்கம், 50 மீட்டர் தள்ளி, நானும் ஓர் ஏர் ரைபிளும். குழலை மடக்கி ஸ்ப்ரிங்கை இறுக்குகிற பழைய ரகம், உள்ளே தோல் வாஷர். புத்தரிக்கண்டம் மைதானத்துப் பொருட்காட்சிகளில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அதற்கு அண்ணன் முறை.

பலூன் கடையை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். அங்கே இருக்கிற துப்பாக்கிகளில் நேரான குறி உள்ளதைத் தேடுவது வீண்வேலை. முதல் குண்டு இடப்பக்கம் போனால் அடுத்ததை வலப்பக்கம் தள்ளிப் பார்த்துச் சுட, சின்னப் பிள்ளைக்குக்கூட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கி எங்கே பார்க்கிறதோ அங்கே குண்டு போகாது என்ற முதல் பாடத்தை நம்மில் பலர் காசு கொடுத்துக் கற்றது அங்கேதான்.

நம் நாட்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒலிம்பிக் வீரர்கள் பிடிக்கும் 10 மீட்டர் ரைபிளுக்கு அந்த 20 ஜூல்கூடத் தேவையில்லை. சுமார் 7.5 ஜூல், அவ்வளவுதான். அதே ஒலிம்பிக்கில் 50 மீட்டருக்குச் சுடுகிற .22 ரைபிளின் ஆற்றல் 140 ஜூலை ஒட்டி வரும். இருபதில் ஒரு பங்கு பலமுள்ள இந்தச் சாதுவை வைத்துத்தான் அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் இதே பிரிவில்தான். அவர்களுடைய அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். நினைத்தாலே கை நடுங்குகிறது. ஆனால் அது கூரைக்குக் கீழே, காற்று எட்டாத இடத்தில் நடக்கிற தவம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் கட்டிய தளம் எங்கள் ஊருக்குப் பெருமை. அங்கேயும் ஏர் ரைபிளுக்கு 10 மீட்டர்தான்.

அதே குண்டை வெளியே கொண்டுவந்து ஐம்பது மீட்டருக்கு அனுப்பிப் பாருங்கள். அரை கிராம் ஈயம் விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. பத்து மீட்டர் போவதற்குள் அது ஒன்றரை சென்டிமீட்டர்தான் இறங்கும். ஐம்பது மீட்டர் போகும்போது குழலின் நேர்கோட்டிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே தாழ்ந்துவிடும். ஏர் ரைபிள் குண்டு இடை சிறுத்து, பின்பக்கம் பாவாடை விரித்த உருவம். இறகுப்பந்து போல, பின்னால் இழுக்கும் காற்றுத்தடைதான் அதை நேராகப் பறக்க வைக்கிறது. அதே தடைதான் அதன் வேகத்தையும் தின்கிறது. விசையை அழுத்தி, குண்டு போய்ச் சேர்ந்து, சிரட்டையின் ‘டக்’ திரும்பிக் காதில் விழ அரை விநாடி ஆகிறது. அரை விநாடி என்றால் சின்ன நேரமா? அதற்குள் மனசு நாலு தடவை ‘பட்டுவிட்டது’ என்றும் ‘இல்லை’ என்றும் சொல்லி முடித்துவிடும்.

பக்கவாட்டில் வீசும் காற்றுதான் உண்மையான எதிராளி. விநாடிக்கு மூன்று மீட்டர் என்பது வேட்டி நுனி அசைகிற அளவு காற்று. அதுவே ஐம்பது மீட்டரில் இந்தக் குண்டை ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளிவிடும். சிரட்டையின் அகலமே அரைச் சாண்தான். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயில் பாய்ந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று கல்குளத்தைத் தாண்டித்தான் அங்கே போகிறது. அந்த மாதங்களில் விடிந்ததும் கிடைக்கிற கொஞ்ச நேரம் மட்டும் நமக்கு. மற்ற நேரமெல்லாம் அதற்கு.

தோப்புக்குப் பக்கத்து வீட்டில் மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, “இது பிள்ளைய வெளயாட்டுச் சாமான்லா சார்” என்று சிரித்தார். பிறகு ஒரு தடவை வாங்கிச் சுட்டார். குண்டு மண்ணில் போய்ப் புதைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குச் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தென்னை ஓலைகளை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவர் வராத ஞாயிறு குறைவு.

“காத்து இங்க இல்ல சார். அந்தா நடுத் தென்னையில நிக்கி. அது அடங்கட்டு.”

நம் முகத்தில் படுகிற காற்றும் குண்டின் வழியில் நிற்கிற காற்றும் ஒன்றல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கேயும் படித்ததில்லை.

பிடியையும் அவர்தான் திருத்தினார். ஸ்ப்ரிங் ரைபிளில் விசை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் பாய்கிறது. துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னால் துள்ளுகிறது. இவ்வளவும் குண்டு குழலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக இறுக்குவோம், குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். “நெறிச்சுப் பிடிக்காதீங்க. உள்ளங்கையில ஏந்திக்கிடுங்க, அது இஷ்டத்துக்குத் துள்ளட்டு” என்றார் அண்ணாச்சி. பத்து மீட்டரில் இந்தப் பிழையெல்லாம் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தூரம் கூடக்கூட ஒளிய இடமில்லை.

“பலமான துப்பாக்கி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?” என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லைதான். தொல்லையைக் காசு கொடுத்து ஒழித்த பிறகு அங்கே சுட என்ன மிச்சம் என்பதே என் கேள்வி. எங்கள் தோப்புக்குப் பக்கத்தில்தான் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து, பீரங்கி வார்த்து, 1777இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கிறார். அவர் காலத்து மஸ்கட்டின் ஆற்றல் என் ரைபிளைப் போல நூறு மடங்குக்கும் மேலே. ஆனால் குழலுக்குள் சுழல்வெட்டு கிடையாது. நூறு மீட்டரில் நிற்கிற ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதில் அதிர்ஷ்டம். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். பலம் இருந்தது, குறி இல்லை. இங்கே குறி இருக்கிறது, பலம் இல்லை. நான் இந்தப் பக்கம்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல. 1980இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் ‘ஃபீல்டு டார்கெட்’ என்றே ஒரு பந்தயம் தொடங்கினார்கள். இன்று உலகப் போட்டி வரை நடக்கிறது. ஆற்றல் 16 ஜூலைக் கொஞ்சம் தாண்டலாம், அதற்கு மேல் கூடாது. தூரம் 50 மீட்டர் வரை. ஆனால் எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள், தொலைநோக்கியின் ஃபோகஸைத் திருகி நாமே மதிப்பிட வேண்டும். இரும்புத் தகட்டில் 15 முதல் 40 மில்லிமீட்டர் வரையான ஓட்டை. அதற்குள் பட்டால் தகடு சாயும், விளிம்பில் பட்டால் சாயாது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள்கூடக் காற்றுப் பார்க்கக் குழல் நுனியில் ஒரு கம்பளி நூலைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அண்ணாச்சியிடம் சொன்னேன். மறுவாரம் அவருடைய பனியன் நூல் ஒன்று என் குழலில் ஆடிக்கொண்டிருந்தது.

சாதுத் துப்பாக்கி என்று சொன்னேனே தவிர, தீங்கற்றது என்று சொல்லவில்லை. மேல்நோக்கிச் சுட்டால் குண்டு முந்நூறு மீட்டர்கூடப் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். மொட்டைமாடி, தெருமுனை, வீட்டுக் கொல்லை எதுவும் இதற்கான இடமல்ல. பின்னால் பாறையோ சுவரோ இருந்தால் குண்டு திரும்பி வரும், மண்மேடுதான் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். பறவையின் மேல் குறி போகவே கூடாது. அது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் சங்கதி மட்டுமல்ல, மைனாவை அடித்துக் காட்டுகிறவனுக்கு எங்கள் தோப்பில் இடமில்லை.

தோப்பும் மண்மேடும் எல்லாருக்கும் வாய்க்காது. திருவனந்தபுரத்திலும் நாகர்கோவில் பக்கத்திலும் ஏர் ரைபிள் வாங்கிவிட்டுச் சுட இடமில்லாமல் அலமாரியில் வைத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். 50 மீட்டர் தளம் வைத்திருக்கிற ரைபிள் சங்கங்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை இவர்களுக்கு ஒதுக்கித் தரலாம். தளத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அட்டையைக் கொஞ்சம் பெரிதாக அச்சடித்தால் போதும்.