திசை தெரியாதவர்களா நாம்?

"பெண்களுக்கு வழியும் தெரியாது, திசையும் தெரியாது" என்று சொல்லாத ஆண்பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறார்? எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

அப்படிச் சொல்லுகிறவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். சென்னைக்கு வடக்கே, ஆந்திரத்துக்குள்ளும் பரந்து கிடக்கிற ஏரி அது. சென்ற தை மாதம் போயிருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்; தெரு ஏது, பெயர்ப் பலகை ஏது? ஆனால், கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக் கொள்வார்கள். இடம் தவறினால் அடுத்தவர் சோற்றில் கை வைத்த மாதிரி!

"தண்ணீரில் இடத்தை எப்படி ஐயா கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று படகோட்டியைக் கேட்டேன்.

"அதோ லைட்ஹவுஸ், இதோ பனை. ரெண்டையும் மனசுல கோடு போட்டுப் பார்க்கணும்மா. சின்ன வயசுல அப்பன்கூட வந்து வந்து பழகினதுதான்."

ஆழமில்லாத இடத்தில் இருளர் பெண்கள் குனிந்து, கைகளால் துழாவியே இறால் பிடித்துக் கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதைப் பல்லில் கவ்வியிருந்தார்கள். எங்கே இறால் இருக்கும் என்று எப்படித் தெரியும் என்றேன். ஒருத்தி பறியைக் கையில் எடுத்துக் கொண்டு, "எங்கே சேறு, எங்கே மணல்னு காலே சொல்லும்மா. எங்கம்மா பின்னாலே நடந்து கத்துக்கிட்டது" என்று சிரித்தாள்.

பிறவிச் சாமர்த்தியமா, பழக்கமா? இந்தக் கேள்விக்கு ஒரு விளையாட்டு பதில் சொல்கிறது. அதிலும் படகுதான்! 2016-ல் வந்த 'ஸீ ஹீரோ க்வெஸ்ட்' என்ற கைப்பேசி விளையாட்டு, மறதி நோய் ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டது. முதலில் வரைபடத்தைக் காட்டி, உடனே மறைத்து விடுவார்கள். பிறகு மாயத் தண்ணீரில் மாயப் படகை ஓட்டி, பார்த்த இடங்களைத் தேடிப் போக வேண்டும். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் விளையாடினார்கள். சராசரியில் ஆண்களுக்கே வெற்றி!

இதைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் மீசையை முறுக்கினார். "மீதியையும் கேளுங்கள்" என்றேன். பெண்களுக்குச் சம வாய்ப்பு உள்ள நாடுகளில் இந்த வித்தியாசம் குறைந்திருந்தது என்று 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நகரத்தில் வளர்ந்தவர்களைவிட, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டார்கள் என்பது 2022-ல் வந்த செய்தி. மீசையிலிருந்து கை இறங்கிற்று.

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. பெண் குழந்தைக்குப் பத்து வயதானதும் "தனியாகப் போகாதே" என்று அண்ணனைத் துணைக்கு அனுப்புகிறோம். அவன் வழியைப் பார்த்து நடக்கிறான். அவள் அவன் முதுகைப் பார்த்து நடக்கிறாள். பிறகு, "இவளுக்குத் திசை தெரியாது" என்று நாமே சிரிக்கிறோம். இப்போது போதாக்குறைக்குக் கைப்பேசி வேறு, "இடப்பக்கம் திரும்பு" என்று அண்ணன் வேலையைப் பார்க்கிறது.

நாளைக்குக் கடைக்குப் போகும்போது கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். பெண்ணை முன்னால் நடக்க விட்டு, நீங்கள் பின்னால் போங்கள். இரண்டு தெரு சுற்றினால்தான் என்ன? கால் தேய்ந்து விடாது, வழி தெரியும்.